கையடக்க வன்தட்டுகளின் வேக ஒப்பீடு: தஞ்சைச் சுவடி மின்னுருவாக்கப் பணியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சுவடிகளை மின்னுருவாக்கம் செய்வோர் கையடக்க வன்தட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது உறையில் அச்சிடப்பட்டுள்ள வேகத்தையே பெரிதும் அளவாகக் கொள்கின்றனர். அவ்வேகம் இணைப்பின் உச்ச எல்லையை மட்டுமே சுட்டுகிறது. கோப்புகளை எழுதும் நேரத்தோடு, எழுதியவற்றைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலன்றி ஆவணப் பணிக்குரிய வேக ஒப்பீடு நிறைவு பெறாது என்பதைத் தஞ்சைப் பகுதியின் பணிச்சூழலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஓலைச்சுவடி, மின்னுருவாக்கம், வன்தட்டு, திண்மநிலைச் சேமிப்பகம், எழுதுவேகம், சரிபார்ப்பு எண்.

முன்னுரை

காவிரிப் படுகை நெல்லுக்குப் பெயர்பெற்றது போலவே சுவடிகளுக்கும் பெயர்பெற்றது. நாயக்கர் காலத்து அரண்மனை நூலகமாகத் தோன்றி, இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆட்சியில் (1798–1832) பெருவளர்ச்சி கண்ட தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1918ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் ஓலைச்சுவடிகளுக்கெனத் தனித்துறையே கொண்டுள்ளது. திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்களிலும், மருத்துவ, சோதிடக் குடும்பங்களின் இல்லங்களிலும் உள்ள கட்டுகள் இவற்றின் வேறானவை. 2003இல் தேசியச் சுவடிகள் இயக்கம் தொடங்கப்பட்டபின் சுவடிகளைப் பட்டியலிடுவதும் படமெடுப்பதும் நாடெங்கும் திட்டமிட்ட பணிகளாயின.

படமெடுத்தல் குறித்து ஒளியமைப்பு, கருவி, படத்தின் நுணுக்கம் எனப் பலவும் எழுதப்பட்டுள்ளன. எடுத்த படம் கருவியிலிருந்து காப்பகத்திற்குச் செல்லும் வழி அந்த அளவிற்குக் கவனிக்கப்படவில்லை. அவ்வழியில் நிற்பது பெரும்பாலும் சட்டைப்பையில் அடங்கும் ஒரு வன்தட்டே. நிறுவனத்திற்குள் நடைபெறும் பணியில் பிழைபட்ட படத்தை மறுநாள் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். தனியார் இல்லத்தில் அவ்வாய்ப்பு அரிது. உரிமையாளர் ஒருநாள் மட்டும் கட்டை அவிழ்க்க இசைவார். வீட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல இசையார். அன்று மாலை படிகள் பழுதின்றி அமைந்தனவா என்பதை அவ்விடத்திலேயே உறுதிசெய்தாக வேண்டும். வன்தட்டின் வேகம் ஆய்வாளருக்கு உரிய பொருளாவது இந்த இடத்தில்தான்.

ஒரு கட்டின் அளவு

ஒப்பீட்டிற்கு முதலில் வேண்டுவது சுமையின் அளவு. 24 மெகாபிக்சல் கருவியால் எடுக்கப்படும் ஒரு படத்தில் 6000 × 4000 புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு 3 பைட் என வைத்துச் சுருக்கப்படாத டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஒரு படம் 72 மெகாபைட் ஆகும். 200 ஏடுகள் கொண்ட ஒரு கட்டுக்கு இருபக்கமும் சேர்த்து 400 படங்கள், அதாவது 28.8 கிகாபைட். நிறத்திற்கு 16 பிட் ஆழம் கொண்டால் இது இருமடங்காகும். ஒரு குழு நாளொன்றுக்கு இத்தகைய 3 கட்டுகளை முடிப்பதாகக் கொண்டால் அன்றைய விளைச்சல் 86.4 கிகாபைட். இனி வரும் கணக்குகளுக்கு இவ்வளவே அடிப்படை.

(1 டெராபைட் எனக் குறிக்கப்பட்ட தட்டை விண்டோஸ் 931 என்று காட்டுவது குறையன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார். விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது.)

உறையிலுள்ள எண்

உறையில் காணப்படும் 5 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ் என்னும் குறிப்புகள் யூஎஸ்பி இணைப்பின் எல்லைகள். இவை பிட் கணக்கில் அமைந்தவை. கோப்பின் அளவோ பைட் கணக்கில் அமைவது. யூஎஸ்பி 2.0இன் 480 மெகாபிட் என்பது நொடிக்கு 60 மெகாபைட். நடைமுறையில் 30 முதல் 40 வரையே கிடைக்கும். 2008இல் வெளிவந்த யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் என்றாலும், ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாகக் குறியேற்றி அனுப்புவதால் கோட்பாட்டளவிலேயே 500 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. இதே 5 கிகாபிட் இணைப்பு பின்னர் 3.1 ஜென் 1 எனவும், 3.2 ஜென் 1 எனவும் பெயர்மாற்றம் பெற்றது. மூன்று பெயர்களும் ஒரே வேகத்தையே குறிக்கின்றன என்பதை அறியாமல் புதிய பெயருக்குக் கூடுதல் விலை கொடுப்போர் உளர்.

இணைப்பு வடமும் இங்குக் கருதத்தக்கது. டைப்-சி என்பது முனையின் வடிவத்தைக் குறிக்கும் பெயரேயன்றி வேகத்தைக் குறிப்பதன்று. கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்யத் தரப்படும் டைப்-சி வடங்கள் பல யூஎஸ்பி 2.0 கம்பிகளை மட்டுமே கொண்டவை. உயர்ந்த வேகமுள்ள தட்டை அத்தகைய வடத்தால் இணைத்தாலும், பழைய மேசைக்கணினியின் முன்புறத் துளையில் செருகினாலும், வேகம் 35 மெகாபைட்டில் நின்றுவிடும். தலைமடையில் எவ்வளவு நீர் திறந்தாலும் இடையிலுள்ள குறுகிய மதகு விடும் நீரே கடைமடைக்குச் சேரும் என்பது டெல்டா உழவர் அறிந்தது. படங்களைத் தரும் கணினி, துளை, வடம், பெறும் தட்டு என்னும் நான்கில் மெதுவானதே முழுப் பணியின் வேகத்தையும் முடிவுசெய்கிறது.

சுழலும் தட்டின் இயல்பு

கையடக்க வன்தட்டுகளுள் இருப்பவை பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் 2.5 அங்குலத் தட்டுகள். சுழற்சி வேகம் மாறாதிருக்க, வெளித்தடம் நீளமாகவும் உள்தடம் குறுகியதாகவும் இருப்பதால் ஒரு சுற்றில் வெளித்தடத்தில் கூடுதல் தரவு அடங்குகிறது. தட்டு பொதுவாக வெளியிலிருந்து உள்ளாக நிரம்பும். ஆகவே புதிய தட்டு நொடிக்கு 130 மெகாபைட் அளவில் எழுதத் தொடங்கி, நிரம்பும் தறுவாயில் ஏறத்தாழ அதன் பாதிக்கு இறங்கிவிடும். வெற்றுத் தட்டில் செய்த சோதனை, பணியின் கடைசி மாதத்தில் கிடைக்கப்போகும் வேகத்தைக் காட்டாது.

சிறு கோப்புகளின் கதை வேறு. தட்டு ஒருமுறை சுற்ற 11.1 மில்லிநொடி ஆகிறது. தேவையான இடம் முனையின் கீழ் வந்துசேரச் சராசரியாக அதன் பாதி. முனை தடம் மாறுவதற்குச் சுமார் 12 மில்லிநொடி. இரண்டும் சேர்ந்து 18 மில்லிநொடி எனக் கொண்டால் நொடிக்கு 55 இடங்களை மட்டுமே அணுக இயலும். சராசரி 5 கிலோபைட் அளவுள்ள 40,000 உரைக்கோப்புகள் மொத்தம் 200 மெகாபைட். தொடர்ச்சியாக அமைந்தால் 2 நொடி வேலை. அவை தட்டில் சிதறிக் கிடந்தால் அணுகுவதற்கு மட்டும் 12 நிமிடம் ஆகும். சொல்லடைவு, தரவகம், மேல்விவரத் தரவு ஆகியவற்றைக் கையாளும் மொழியியல் ஆய்வாளர் ‘தட்டு பழுதாகிவிட்டது’ என ஐயுறும் நிகழ்வுகளில் இதுவும் ஒரு காரணம். அக்கோப்புகளை ஒரே பொதியாக, ஜிப் அல்லது டார் கோப்பாகக் கட்டி அனுப்பினால் தீரும் சிக்கல் இது. சுவடிப் படங்களுக்கு இத்தொல்லை பெரிதில்லை. 72 மெகாபைட் கோப்பிற்கு 18 மில்லிநொடி ஒரு பொருட்டன்று.

ஓடு வேய்ந்த தடங்கள்

அண்மைக்காலக் கையடக்க வன்தட்டுகள் பலவற்றில், குறிப்பாகக் கொள்ளளவு மிக்கவற்றில், எஸ்எம்ஆர் என்னும் பதிவுமுறை கையாளப்படுகிறது. கூரை ஓடுகளை ஒன்றன் விளிம்பின்மேல் மற்றொன்றாக அடுக்குவது போலத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதப்படுகின்றன. ஆங்கிலப் பெயரின் பொருளும் அதுவே. இடம் மிச்சமாகிறது. ஆயின் நடுவிலுள்ள ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அடுத்தடுத்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பது போல, ஒரு தடத்தைத் திருத்த அதையடுத்த தடங்கள் பலவற்றையும் மீண்டும் எழுத வேண்டியுள்ளது.

இதை மறைக்கத் தட்டில் ஓர் இடைக்களம் ஒதுக்கப்பட்டிருக்கும். வருவதை முதலில் அங்கு இறக்கி, ஓய்வு கிடைக்கும்போது உரிய இடத்தில் அடுக்கும். இடைக்களம் நிரம்பும்வரை வேகம் இயல்பாகவே தோன்றும். நிரம்பியபின் அறுவடைக் காலத்துக் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்குவது போலக் கோப்புகள் தேங்கும். வேகம் நொடிக்குச் சில பத்து மெகாபைட்டுக்கோ அதற்கும் கீழோ சரியக்கூடும். வெற்றுத் தட்டில் ஒரே மூச்சில் பெரிய கோப்புகளை எழுதும்போது இச்சரிவு குறைவு. பழைய கோப்புகளை அழித்து அவ்விடத்தில் மீண்டும் எழுதும்போது மிகுதி. தயாரிப்பாளர்கள் சிலர் இம்முறையைத் தம் விவரக்குறிப்பில் தெரிவிக்காமலேயே சில வகைத் தட்டுகளை விற்றமை 2020 ஏப்ரலில் வெளிப்பட்டு, அதன்பின் எந்தத் தட்டு எம்முறையது என்னும் பட்டியல்கள் வெளியிடப்பட்டன. வாங்குமுன் மாதிரி எண்ணைக் கொண்டு அப்பட்டியலைப் பார்ப்பது நன்று. ஆண்டுதோறும் அழித்தெழுதப்படும் பணித்தட்டாக இவ்வகை பொருந்தாது; ஒருமுறை எழுதி மூடிவைக்கும் காப்புத்தட்டாகப் பொருந்தும்.

திண்மநிலைச் சேமிப்பகம்

சுழலும் உறுப்பில்லாத திண்மநிலைச் சேமிப்பகங்கள் வேகத்தில் முந்துகின்றன. சாட்டா வகை 5 கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 400 முதல் 500 மெகாபைட்டும், என்விஎம்இ வகை 10 கிகாபிட் இணைப்பில் 1000 மெகாபைட் அளவும் தரவல்லவை. அதிர்ச்சிக்கும் இவை அஞ்சுவதில்லை. ஊர்ப்புறச் சாலையில் இருசக்கர வண்டியில் கொண்டுசெல்லும் களப்பணியாளருக்கு இது சிறு செய்தியன்று.

இவற்றிலும் மறைவான இடைக்களம் உண்டு. ஒரு நினைவகச் சிற்றறையில் மூன்று அல்லது நான்கு பிட்டுகளைத் திணிப்பதால் விலை குறைகிறது, எழுதுவேகமும் குறைகிறது. அதனை ஈடுசெய்யச் சிற்றறைகளின் ஒரு பகுதியை ஒரு பிட் மட்டும் எழுதும் விரைவுப் பகுதியாகப் பயன்படுத்துகின்றனர். அப்பகுதி தீர்ந்ததும் மலிவுவகைகள் சுழலும் தட்டின் வேகத்திற்கே இறங்குவதுண்டு. கிறிஸ்டல்டிஸ்க்மார்க் போன்ற பரவலான சோதனைச் செயலிகள் இயல்பு அமைப்பில் 1 கிகாபைட் அளவையே எழுதிப் பார்க்கின்றன. 28.8 கிகாபைட் கட்டுக்கு அச்சோதனை தரும் எண் ஒரு பிடி நெல்லைக் கொண்டு முழு வயலின் விளைச்சலை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

நீண்டகால வைப்பிற்கு வேறொரு கட்டுப்பாடும் உள்ளது. திண்மநிலைச் சேமிப்பகம் தரவை மின்னூட்டமாகத் தேக்கிவைக்கிறது. மின்சாரமின்றிக் கிடக்கும்போது அது மெல்லக் கசியும். ஜெடெக் அமைப்பின் தரவரையறை, பொதுப் பயன்பாட்டு வகை தன் எழுதுவாழ்நாளை முடித்த நிலையில் 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்கிறது. புதிய கருவி இதனினும் நெடுங்காலம் தாங்கும். எனினும் வெப்பம் கூடக் கசிவும் கூடும். தஞ்சையில் ஏப்ரல், மே மாதப் பகல்கள் 35 பாகையைத் தாண்டுவது இயல்பு. பூட்டிய நிலைப்பேழைக்குள் ஆண்டுக்கணக்கில் விடப்படும் ஒரே படியாக இதனை நம்புவது தகாது.

படியெடுத்தலும் ஒப்புநோக்கலும்

சுவடி மரபில் படியெடுத்தல் ஒருமுனைச் செயலாக இருந்ததில்லை. ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றவர் படியைப் பார்த்துவரும் ஒப்புநோக்கலும் அதன் பகுதி. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் பணியேற்ற உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணிப் பதிப்பை வெளியிடுவதற்குப் பல சுவடிகளைத் திரட்டிப் பாடவேறுபாடுகளைக் கண்டதற்குக் காரணம், எழுதுவோர் கையில் பிழை புகும் என்பதை அறிந்திருந்தமையே. கணினிப் படியிலும் பிழை புகும். தளர்ந்த வடம், எழுதுகையில் ஏற்படும் மின்தடை, தட்டின் பழுதான பகுதி ஆகியவற்றால் கோப்பின் பெயரும் அளவும் மாறாமலேயே உள்ளடக்கம் கெடக்கூடும்.

கணினியில் ஒப்புநோக்கலுக்குரிய கருவி, செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண். எம்டி5, எஸ்எச்ஏ-256 போன்ற முறைகள் கோப்பு முழுவதையும் படித்து ஒரு குறுகிய எண்ணைத் தருகின்றன. ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். மூலத்தின் எண்ணும் படியின் எண்ணும் ஒத்தால் படி செம்மையானது. இவ்வெண்களையும் கோப்புகளையும் ஒருங்கே பொதியும் பேகிட் என்னும் முறை 2018இல் ஆர்எஃப்சி 8493 ஆவணமாக வெளியிடப்பட்டுள்ளது.

இச்சரிபார்ப்புக்குத் தட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தாக வேண்டும். எழுதிய நேரம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு நேரம் மீண்டும் செலவாகும். முன்கண்ட 86.4 கிகாபைட்டை இரண்டு தட்டுகளில் எழுதி இரண்டையும் சரிபார்ப்பதாகக் கொள்வோம். யூஎஸ்பி 2.0 வழியே நொடிக்கு 35 மெகாபைட்டில் இதற்கு 2 மணி 45 நிமிடம் வேண்டும். யூஎஸ்பி 3.0 வழியே சராசரி 110 மெகாபைட் தரும் சுழல்தட்டில் 52 நிமிடம். 450 மெகாபைட் தரும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் 13 நிமிடம். மாலை 5 மணிக்குப் படமெடுப்பு முடிந்து, உரிமையாளர் விளக்கேற்றும் நேரத்தில் குழுவினர் கிளம்ப வேண்டிய நிலையில், முதல் வழியில் சரிபார்ப்பு நடைபெறாது. எவரும் அதனைக் கைவிட முடிவுசெய்வதில்லை. அது தானே கைவிடப்படுகிறது. மெதுவான தட்டு முதலில் பலிகொள்வது ஒப்புநோக்கலையே. நொடிக்கு இத்தனை மெகாபைட் என்னும் வேறுபாடு ஆவணத்தின் நம்பகத்தை இவ்வழியில் தொடுகிறது.

சரிபார்ப்பில் ஒரு மயக்கமும் உண்டு. எழுதிய கையோடு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டால், கணினி தன் நினைவகத்தில் எஞ்சியுள்ள படியைப் படித்து விடைதரக்கூடும். தட்டில் உண்மையில் பதிந்தது சோதிக்கப்படாமலே போகும். தட்டை முறைப்படி விடுவித்து, மீண்டும் இணைத்தபின் சரிபார்ப்பதே செம்மை. வழக்கத்திற்கு மாறான வேகத்தில் சரிபார்ப்பு முடிந்தால் மகிழ்வதைவிட ஐயுறுவதே தகும்.

மின்தடையும் தொலைவும்

படுகையின் கடலோரப் பகுதிகள் புயலுக்குப் பழகியவை. 2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த கஜா புயலுக்குப்பின் பல ஊர்களில் நெடுநாள் மின்சாரம் இல்லை. அத்தகைய பேரிடர் ஒருபுறமிருக்க, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சற்றுநேர மின்தடையே ஒரு தட்டைக் கெடுக்கப் போதும். எல்லாக் கணினிகளிலும் திறக்கும் என்பதற்காகப் பலரும் கையடக்கத் தட்டுகளுக்கு எக்ஸ்ஃபேட் கோப்பமைப்பையே இடுகின்றனர். மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு முறை அதில் இல்லை; இடையில் மின்சாரம் நின்றால் கோப்புப் பட்டியலே குலையக்கூடும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 ஆகியவற்றில் அம்முறை உண்டு. மின்கலம் நல்ல நிலையிலுள்ள மடிக்கணினியைக் கொண்டு படியெடுப்பது எளிய காப்பு.

புயலும் வெள்ளமும் ஓரிடத்துப் படிகளை ஒருங்கே அழிக்கும் என்பதால் ஒரு படி வேற்றூரில் இருக்க வேண்டும். 2 டெராபைட்டை நொடிக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகமுள்ள இணைய இணைப்பில் அனுப்ப இடையறாமல் 9 நாளும் 6 மணி நேரமும் ஆகும். அதே தட்டை இரவில் தஞ்சையிலிருந்து உழவன் விரைவுத் தொடர்வண்டியில் எடுத்துச்சென்றால் காலையில் சென்னை சேரும். பயணத்தை 8 மணி நேரமாகக் கொண்டால் இது நொடிக்கு 555 மெகாபிட் இணைப்புக்குச் சமம். ஆனால் சராசரி 95 மெகாபைட்டில் தட்டை நிரப்ப ஏறத்தாழ 6 மணி நேரமும், சென்னையில் படித்துச் சரிபார்க்க மற்றுமொரு 6 மணி நேரமும் கூடும். தொடர்வண்டியைவிட அதன் இரு முனைகளிலும் தட்டே கூடுதல் நேரம் கொள்கிறது.

ஒப்பிடும் முறை

மேற்கண்டவற்றால் ஒரு துறையோ நூலகமோ தானே செய்யத்தக்க சோதனையின் வடிவம் பெறப்படும். ஒரே கணினி, ஒரே துளை, தட்டுடன் வந்த வடம் ஆகியவற்றைக் கொண்டு, கணினியின் நினைவகத்தைவிடப் பெரிதான ஓர் உண்மையான சுவடித் தொகுப்பை, 100 கிகாபைட்டுக்குக் குறையாமல் எழுத வேண்டும். மூலம் கணினியின் உள்ளமைந்த திண்மநிலைச் சேமிப்பகத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் அளக்கப்படுவது மூலத்தின் வேகமாகிவிடும். திரையில் நூறு விழுக்காடு தோன்றும் கணத்தில் நிறுத்தாமல், தட்டு பாதுகாப்பாக விடுவிக்கப்படும் கணம்வரை நேரத்தைக் கணக்கிட வேண்டும். பின்னர் மீண்டும் இணைத்துச் சரிபார்ப்பு நேரத்தை அளந்து இரண்டையும் கூட்ட வேண்டும். இதனையே வெற்றுத் தட்டிலும், முக்கால் பங்கு நிரம்பிய தட்டிலும், நிரப்பிச் சற்றே அழித்த தட்டிலும் செய்தால் உள்தடச் சரிவும் எஸ்எம்ஆர் தேக்கமும் வெளிப்படும். மும்முறை செய்து மூன்று எண்களையும் தருவது நன்று. சராசரியை மட்டும் தந்தால் இடைக்களம் தீர்ந்தபோது நேர்ந்த சரிவு அதில் கரைந்துவிடும்.

முடிவுகளை வெளியிடுவோர் வணிகப் பெயரோடு நின்றுவிடாமல் முழு மாதிரி எண், கொள்ளளவு, தயாரிப்பு நாள், கோப்பமைப்பு, அறை வெப்பம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். ஒரே வணிகப் பெயரில் விற்கப்படும் 1 டெராபைட் தட்டும் 4 டெராபைட் தட்டும் உள்ளமைப்பில் வேறானவையாக இருக்கலாம். அறிவிப்பின்றி உள்ளிருக்கும் சில்லுகள் மாற்றப்படுவதும் உண்டாதலால், சென்ற ஆண்டு வாங்கிய தட்டின் முடிவை இவ்வாண்டு வாங்கியதற்குப் பொருத்தும் முன் அச்சோதனையை ஒருமுறை மீண்டும் செய்தல் வேண்டும்.